கோல் பிடித்தவர் என்ன செய்கிறார்?



2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. அந்தச் செய்தி வராத தமிழ் வாட்சாப் குழு பெண்டாங்கில் இருந்திருக்குமா? எழுதியவர் ராஜா. மேடையில் கோல் பிடித்து இசைக்குழுவை நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். உடனே மாணவர் கேட்பார்: “எழுதினது ஒருத்தர், வாசிக்கிறது அத்தனை பேர். நடுவுல நிக்கிறவர் எதுக்குங்க சார்?”

நல்ல கேள்வி. பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம், கேட்டே கண்டுபிடிக்கலாம். ஒப்பிடும்போது ஒன்றாவது மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே ஒரே படைப்பை எடுத்துக்கொள்வோம்: 1808-இல் வியன்னாவில் அரங்கேறிய பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. மூன்று குறில், ஒரு நெடில் போல நான்கே சுரங்களில் அது தொடங்குகிறது.

முதலில் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் 1962 பதிவு. நடத்துபவர் கராயான். 1955 முதல் 1989 வரை அக்குழுவின் தலைமை அவரிடம்தான் இருந்தது. நரம்புக் கருவிகள் ஒரே குரலாக இழைகின்றன. ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தைத் தொடுகிறது.

அடுத்து வியன்னா பில்ஹார்மோனிக். 1933-க்குப் பிறகு இக்குழுவுக்கு நிரந்தர நடத்துநரே கிடையாது. வாசிப்பவர்களே வேண்டியவரை அழைத்துக்கொள்கிறார்கள். 1974-இல் அப்படி வந்தவர் கார்லோஸ் கிளைபர். அவருடைய பதிவில் குறில் குறிலாகவே வெட்டி விழுகிறது. தாளத்தில் அவ்வளவு இறுக்கம், நமக்கே மூச்சு முட்டும்.

எது மேல்? முதல் பகுதிக்கு என் வாக்கு கிளைபருக்கு. அந்த இசையின் வலிமை சுரத்தின் அழகைவிடத் தாளத்தின் பிடிவாதத்தில் இருக்கிறது. கராயானின் இழைவு அந்தக் கூர்மையைச் சற்று மழுக்கிவிடுகிறது. ஆனால் இரண்டாம் பகுதியின் அமைதிக்கு அதே இழைவு அழகாகப் பொருந்துகிறது. நீங்கள் மறுக்கலாம். எந்த இடத்தைக் கேட்டு மறுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்க.

இங்கே ஒன்று கவனியுங்கள். கராயான் 34 ஆண்டு பழக்கிய ஒலி ஒருபக்கம், விருந்தாளியாக வந்த கிளைபரின் முத்திரை மறுபக்கம். கிளைபர் நிறைய ஒத்திகை கேட்பவர். அப்படியானால் நடத்துநரின் செல்வாக்கு பதவிக்காலத்தில் மட்டும் இல்லை, ஒத்திகை அறையில் இருக்கிறது. நம் ஊர் உருமி மேளக் குழுவிலும் திருவிழா அன்று கேட்பது, முன்பே பழகிய பழக்கத்தைத்தானே?

நம் நாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. மலேசிய பில்ஹார்மோனிக் 1998 ஆகஸ்டு 17-இல் கீஸ் பேக்கல்ஸ் தலைமையில் முதன்முதலாக வாசித்தது. வியன்னா குழு 1842-இலும் பெர்லின் குழு 1882-இலும் பிறந்தவை. அவற்றுக்குப் பரம்பரைப் பழக்கம் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து கூடிய புதிய குழுவுக்கு அது இல்லை. அங்கே நடத்துநர் பொது ஒலியையே உருவாக்க வேண்டும். பேக்கல்ஸ் நடத்திய ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் பதிவுகளை இந்த நோக்கில் கேளுங்கள்.

ஆசிரியர்களே, “உலகப் புகழ்பெற்ற” என்ற அடைமொழிக்கு மதிப்பெண் போடாதீங்க. “இந்த இடத்தில் இப்படிக் கேட்டது, அதனால் இப்படி நினைக்கிறேன்” என்று எழுதும் பிள்ளைக்குப் போடுங்கள். மாணவர்களே, தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். தீர்ப்புச் சொல்ல அரங்கச் சீட்டு தேவையில்லை. இரண்டு முறை பொறுமையாகக் கேட்ட காது போதும்.