கள்ளிக்காட்டில் எதிர்நோக்கு

வைகை அணைப் பூங்காவில் இளைப்பாறுவோர், அந்நீரின் அடியில் கிடக்கும் ஊர்களை நினைப்பது அரிது. 1959-இல் திறக்கப்பட்ட அவ்வணைக்காக மண்ணை இழந்த மக்களின் கதையே வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலைக் கிறிஸ்தவக் கண்கொண்டு வாசித்துப் பார்ப்போம்.

முதிய உழவர் பேயத்தேவர் பேரனோடு கிணறு தோண்டும் பகுதியே நூலின் உயிர்நிலை எனலாம். அன்றன்றைய பாடு அன்றன்றைக்கு எனக் கடப்பாரையை எடுக்கிறார் கிழவர். சிலுவையைச் சுமக்கும் அழைப்பை மாற்குவும் எழுதினார். அதில் 'நாள்தோறும்' என்ற சொல்லைச் சேர்த்தவர் லூக்காவே (9:23). அச்சொல்லின் பாரத்தை இப்பகுதி நமக்கு உணர்த்துகிறது.

குறையும் உண்டு. கவிஞரின் உவமைகள் அடுக்கடுக்காய் வரும் இடங்களில் கிழவரின் மௌனம் நம் செவிக்கு எட்டுவதில்லை.

இவ்வுழைப்பை உடனே கிறிஸ்தவ எதிர்நோக்கு என்று அழைத்துவிடலாமா? முற்றுகைக்குள்ளான எருசலேமில் இருந்துகொண்டே எரேமியா அனத்தோத்தில் நிலம் வாங்கினார் (எரே 32). ஆண்டவரின் வாக்குறுதி அவருக்குத் துணைநின்றது. பேயத்தேவருக்கு எவர் வாக்களித்தார்? அத்தகையோரிடம் பொறுமையை மட்டும் போதித்துவிட்டு நாம் விலகிச் செல்வது முறையன்று. அவர்கள் அருகில் நிற்பதும் சீடத்துவமே.

கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலிப்பெண்கள் நம் பங்குகளிலும் உள்ளனர். அவர்களது கூலியும் பத்திரமான பயணமும் நம் மன்றாட்டில் இடம்பெறுகின்றனவா? மன்றாட்டுக்குப் பின் நம் அன்பியக் கூட்டங்களில் பேசப்படுகின்றனவா? நூலை மூடியபின்னும் இக்கேள்விகள் நம்மை விடுவதில்லை.