கிடங்கில் உறங்கும் நெருப்பு

போர்த்துறை உந்துமருந்து விபத்தாகத் தீப்பற்றாமல் காக்கும் ஆராய்ச்சி நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறுடையது. அது எதில் வென்றது, எதில் தோற்றது என்பது சீர்தூக்கிப் பார்க்கத் தக்கது.

1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். நைட்ரோசெல்லுலோஸால் ஆன அம்மருந்து பழைய கருமருந்தைக் காட்டிலும் ஆற்றல் மிக்கது. ஆயினும் அதற்குப் பிறவிக் குறை ஒன்றுண்டு. கிடங்கில் இருக்கும்போதே அது மெல்லச் சிதையும். சிதைவில் தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். குவியல் பெரிதாயின் உண்டாகும் வெப்பம் வெளியேறாது தேங்கி, மருந்து தானே எரியும்.

1907 மார்ச் 12இல் தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' போர்க்கப்பல் வெடித்து ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். சிதைந்த மருந்தின்மீதே ஐயம் எழுந்தது. 1911 செப்டம்பர் 25இல் அதே துறைமுகத்தில் 'லிபெர்த்தே' வெடித்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் போயின.

அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது ஏபெல் சோதனை. சிறிதளவு மருந்தைச் சூடாக்கி, அயோடைடு கலந்த மாவுக்கஞ்சித் தாளில் நிறம் தோன்றும் நேரத்தைக் கணக்கிடுவர். மருந்தின் இன்றைய நிலையை இது ஓரளவு காட்டும்; நாளைய நிலையைக் காட்டாது. மெர்க்குரிக் குளோரைடு சிறிது கலந்தால் சோதனையே ஏமாந்துவிடும்.

டைபீனைலமைன் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அது நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறே செலவழிந்தும் போகும். எனவே அது எவ்வளவு மீந்துள்ளது எனக் குறித்த காலந்தோறும் அளந்தால் மருந்தின் எஞ்சிய ஆயுளை மதிப்பிடலாம். "மருந்து நல்லதா?" என்ற கேள்வியை "எத்தனை காலம் நல்லது?" என மாற்றியதே இவ்வாராய்ச்சியின் பெருவெற்றி எனலாம்.

ஆனால் கேள்வியை யாராவது கேட்கவேண்டுமல்லவா? 2009இல் ஒரு கப்பலிலிருந்து கைப்பற்றிய உந்துமருந்தையும் வெடிபொருளையும் சைப்ரஸ் தீவின் கடற்படைத் தளத்தில் 98 கொள்கலங்களில் வெட்டவெளியில் வைத்தனர். ஈராண்டு வெயில் காய்ந்தபின், 2011 ஜூலை 11இல் அவை வெடித்தன. 13 பேர் இறந்தனர். தீவின் மிகப் பெரிய மின்நிலையமும் சிதைந்தது. 'லிபெர்த்தே' வெடித்து அப்போது ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது.

வெப்பமும் காலமும் மருந்தைக் கெடுக்கும் என்பதை அந்நூறாண்டில் வேதியியல் ஐயமற நிறுவியிருந்தது. ஆகவே சைப்ரஸில் தோற்றது அறிவன்று. அவ்வறிவைக் கிடங்குக் காவலரின் அன்றாடக் கடமையாக்கத் தவறிய நிர்வாகமே. சோதனைக் குழாயோடு நின்றுவிடும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே. கொள்கலத்தை நிழலுக்கு மாற்ற ஆணையிடும் அதிகாரம் அதற்கு வாய்க்கும்போதுதான் அது முழுமை பெறும்.