ஹஜ் பயண நூல்கள் சொல்லத் தயங்குவன

ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர் வீட்டுக்குச் சென்று, ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் பெற்றுக்கொண்டு, "பயணமெல்லாம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை" என்பதே விடையாக வரும். நான்கைந்து மாதங்கள் கழியட்டும். அதே ஹாஜியார் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசல் ஹவுள் ஓரத்தில் அமர்ந்திருக்கையில் வேறொரு பயணம் மெல்ல வெளிவரும். மினாவில் எந்த நாட்டார் எங்கே தங்கினார்கள், யாருடைய கூடாரத்தில் குளிர்காற்று வீசியது, யாருடைய முகத்தைப் பார்த்ததும் காவலர் குரல் உயர்ந்தது என்பனவெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

முதற்பயணம் நூலாகிறது. இரண்டாம் பயணம் ஹவுள் ஓரத்திலேயே காய்ந்துவிடுகிறது. தமிழில் நான் படித்த ஹஜ் பயண நூல்களைப் பற்றி எனக்குள்ள மனக்குறை இதுதான். அவற்றில் பக்தி உண்டு. துஆக்கள் பிழையின்றி அச்சிடப்பட்டுள்ளன. தவாஃபின் ஏழு சுற்றுகளுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. ஆனால் மனிதனை மனிதன் எவ்வாறு நடத்தினான் என்ற செய்தி மட்டும் இல்லை. "சிற்சில சிரமங்கள் ஏற்பட்டன, அவை ஹஜ்ஜின் சோதனைகள்" என்ற ஒரே வாக்கியத்தில் அத்தனையும் அடக்கம் செய்யப்படுகின்றன.

இதற்கு ஒரு மார்க்கக் காரணமும் காட்டப்படுகிறது. சூரா அல்பகராவின் 197-ஆம் வசனம் ஹஜ்ஜில் தர்க்கம் கூடாது என்று விலக்குகிறதாம். ஆகவே குறை பேசினால் ஹஜ்ஜின் நன்மை போய்விடுமாம். வசனம் உண்மை, அதற்குக் கொடுக்கும் பொருள்தான் பிழை. அவ்வசனத்தில் வரும் 'ஜிதால்' என்ற சொல்லுக்கு இமாம் மாலிக் அவர்கள் முவத்தாவில் தரும் விளக்கத்தைப் பாருங்கள். குறைஷியர் முஸ்தலிஃபாவில் குஸஹ் குன்றருகே தங்குவர். ஏனைய அரபியர் அரஃபாவில் நிற்பர். இரு சாராரும் நாங்களே சரியான இடத்தில் நிற்பவர்கள் என்று வாதிடுவர். அந்த வாதமே ஈண்டுக் குறிக்கப்படும் ஜிதால் என்கிறார் இமாம். அதாவது, யார் உயர்ந்த ஹாஜி என்ற போட்டியையே வசனம் தடுக்கிறது. அப்போட்டியைச் சுட்டிக்காட்டுவோர் வாயை அடைக்க அதே வசனத்தை எடுப்பது எத்துணைப் பெரிய தலைகீழ்!

குறைஷியர் தங்களுக்கு 'ஹும்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தனர். நாங்கள் ஹரத்தின் மக்கள். ஹரத்தின் எல்லையைத் தாண்டி அரஃபாவுக்குப் போவது எங்கள் தகுதிக்குப் பொருந்தாது என்பது அவர்கள் கட்சி. அதோடு நிற்கவில்லை. வெளியூரிலிருந்து வருபவன் தன் சொந்த ஆடையோடு கஃபாவை வலம்வரக் கூடாது. ஹும்ஸ் ஒருவரிடம் ஆடை பெற்று அணிய வேண்டும். கிடைக்காவிட்டால் ஆடையின்றியே வலம்வர வேண்டும். ஹிஜ்ரி 9-இல் அபூபக்ர் (ரலி) அவர்கள் தலைமையில் நடந்த ஹஜ்ஜின்போதுதான் இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. அதே சூராவின் 199-ஆம் வசனம் எல்லா மக்களும் புறப்படும் இடத்திலிருந்தே நீங்களும் புறப்படுங்கள் என்று குறைஷியருக்குக் கட்டளையிட்டது. தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப்போன ஜுபைர் இப்னு முத்இம் (ரலி), பெருமானார் (ஸல்) அவர்கள் அரஃபாவில் பிற மக்களோடு நிற்பதைக் கண்டு, இவர் ஹும்ஸ் ஆயிற்றே, இங்கே இவருக்கென்ன வேலை என்று திகைத்த செய்தி புகாரியில் உள்ளது. அந்தத் திகைப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சலுகையைத் துறந்து நிற்கும் ஒருவரைக் கண்டால் சலுகை பெற்றவர்க்கு முதலில் வருவது திகைப்புத்தான்.

இந்த அளவுகோலோடு பழைய பயண நூல்களைப் புரட்டினால், நம்மவர்கள் அஞ்சுகிற காரியத்தை முன்னோர் அஞ்சாமல் செய்திருப்பது தெரியும். அவர்களுள் தலையாயவர் இப்னு ஜுபைர். கிரனடா ஆளுநரின் எழுத்தராக இருந்து 1183-இல் புறப்பட்டு 1185-இல் ஊர் திரும்பியவர். செங்கடலின் மேல்கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்தில் மக்ரிபு நாட்டு ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை எகிப்திய தீனார் வரி வசூலித்த கொடுமையை அவர் எழுதுகிறார். கொடுக்க இயலாதவர்கள் பட்ட சித்திரவதையையும் ஒளிக்காமல் எழுதுகிறார். குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இவ்விதழில் அதை நான் விவரிக்க முடியாது. ஸலாஹுத்தீன் ஐயூபி அவ்வரியை ஒழித்து, அதற்கு ஈடாக மக்காவின் அமீருக்குப் பணமும் கோதுமையும் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆயினும் இப்னு ஜுபைரின் கூட்டம் ஜித்தாவில் இறங்கியபோது அந்த ஈடு வந்து சேரவில்லை. ஆகவே ஹாஜிகள் ஒருவருக்கொருவர் பிணை நின்ற பிறகே மக்கா செல்ல விடப்பட்டனர்! அல்லாஹ்வின் விருந்தாளிகள் அடகுப் பொருளான கதை இது. ஐதாபில் படகுக்காரர்கள் ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் ஒருவர்மேல் ஒருவராக அடைத்ததும், ஹிஜாஸின் அதிகாரிகள் ஹாஜிகளை ஆண்டுதோறும் அறுக்கும் விளைச்சலாகக் கருதியதும் அவர் எழுத்தில் கொதிக்கின்றன.

இவ்வளவு எழுதியவரின் ஹஜ்ஜு வீணாயிற்று என்று எந்த ஆலிமும் சொன்னதாக நான் படித்ததில்லை. மாறாக, மக்காவின் புனிதத்தை அவரைப்போல் உருகி எழுதியவர் சிலரே. நூலின் பெருமையே இதில்தான் உள்ளது. கஃபாவின் மீதுள்ள காதலும் கஃபாவின் காவலர்கள் மீதுள்ள கோபமும் ஒரே பேனாவிலிருந்து வருகின்றன.

எனினும் இப்னு ஜுபைரிடமும் ஒரு கறை உண்டு. கிழக்கு நாடுகளில் கண்ட அநீதிகளால் மனம் கசந்து, உண்மையான இஸ்லாம் மக்ரிபு நாட்டில்தான் இருக்கிறது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். தன் நாட்டாரைத் தாழ்வாக நடத்தியதற்கு வெகுண்டவர் பிறர் நாட்டாரின் ஈமானையே தாழ்த்துகிறார்! யமன் மலைகளிலிருந்து தானியமும் நெய்யும் தேனும் கொண்டுவரும் ஸரூ மக்களைப் பற்றி மட்டும் பரிவு காட்டுகிறார். அவர்கள் தொழுகை ஒழுங்கற்றது என்று சிரித்துக்கொண்டே, அவர்கள் உள்ளத்தின் நேர்மையை மெச்சுகிறார். அந்தப் பக்கங்கள்தாம் நூலில் எனக்கு மிகவும் பிடித்தவை.

போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் அம்மையார் 1863-64-இல் ஹஜ் செய்து உருதுவில் எழுதிய நூல் 1870-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜித்தாவின் சுங்கத்தில் தம் பொருள்கள் கிளறப்பட்டதையும், ஷரீபின் ஆட்கள் பணம் கறக்க முயன்றதையும் அரசியாரின் கண்டிப்போடு எழுதுகிறார். வழியின் அபாயம் கருதி மதீனாவுக்கே அவர் செல்லவில்லை. ஓர் அரசிக்கே இந்நிலை என்றால், அதே கரையில் இறங்கிய ஏழை இந்திய ஹாஜிகள் பட்டதை யார் எழுதினார்கள்? அவர் எழுதவில்லை. அவருடைய கண் தம் மூட்டைகள்மீதே இருந்தது. நூலின் மதிப்பும் குறையும் இரண்டும் அதுதான்.

மால்கம் எக்ஸின் 1964-ஆம் ஆண்டு ஹஜ் நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தட்டில் உண்டதைக் கண்டு அவர் உள்ளம் மாறியது என்பதோடு பேச்சாளர் அமர்ந்துவிடுவார். நூலை முழுதும் படித்தவர்க்கு இன்னும் இரண்டு செய்திகள் தெரியும். ஒன்று, அமெரிக்கக் கடவுச்சீட்டோடு வந்த அவர் முஸ்லிம்தானா என்ற ஐயத்தில் ஜித்தாவிலேயே நிறுத்தப்பட்டு, பின்னர் செல்வாக்குள்ளோர் உதவியால் அரசின் விருந்தினராக்கப்பட்டார். மற்றொன்று, பெருங்கூட்டத்தில் ஒரே நிறத்தார், ஒரே நாட்டார் தாமாகவே ஒன்றுசேர்ந்து நிற்பதையும் அவர் கண்டு எழுதினார். சமத்துவத்தைப் போற்றிய கையாலேயே இதையும் எழுதிய நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நைஜீரியாவிலிருந்தும் சாட் நாட்டிலிருந்தும் சூடான் வழியாக ஆண்டுக்கணக்கில் நடந்தும் கூலிவேலை செய்தும் ஹிஜாஸ் வந்து சேர்ந்த தக்ரூனிகளும் அவர் நிறத்தவர்தாமே? அவர்களை யார் விருந்தினர் மாளிகையில் தங்கவைத்தார்கள்? 'தக்ரூனி' என்ற சொல்லே அங்கு இளக்காரச் சொல்லாகிப் போயிற்று.

ஹாஜிகளை நாடுவாரியாகப் பிரிப்பதே தீமை என்று நான் சொல்லமாட்டேன். மொழி தெரியாத ஊரில் தன் மொழி பேசும் முதவ்விஃப் ஒருவர் கிடைப்பது பேருதவி. ஆனால் ஷரீபுகள் காலத்தில் இன்ன நாட்டு ஹாஜிகள் இன்னாருக்கு என்ற உரிமை விலைபேசப்பட்டது. 1885-இல் மக்காவில் தங்கிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, ஜாவா ஹாஜிகள் வழிகாட்டிகளுக்கு எவ்வளவு இலாபமான சரக்கு என்பதை விரிவாக எழுதியுள்ளார். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் இம்முறை தெற்காசியா, தென்கிழக்காசியா, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா என்று வட்டாரவாரியான அமைப்புகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. 1988 முதல் ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் நாடுகளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. நெரிசலைக் கருதினால் இவ்வொழுங்கு நியாயமானதே. 1997 ஏப்ரலில் மினாவில் பிடித்த தீயில் 343 பேர் மாண்டபின் தீப்பற்றாத கூடாரங்கள் எழுந்தன என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆனால் ஒழுங்கு என்பது எங்கே முடிந்து தரம் பிரித்தல் எங்கே தொடங்குகிறது? மினாவில் நிழலுக்காக ஒரு கட்டடம் எழுப்பித் தரவா என்று கேட்கப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்து, மினா முதலில் வந்து இறங்கியவருக்குரிய இடம் என்று கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி. இன்று மினாவில் ஜம்ராவுக்கு அருகிலுள்ள இடம் கூடுதல் பணம் கட்டியவர்க்கே உரியது. 2024-இல் கடும் வெப்பத்தில் உயிரிழந்த 1301 பேரில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிச்சீட்டு இல்லாதவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் மிகுதியானோர் எகிப்தியர். சட்டத்தை மீறி வந்தவர்கள் என்பது சரி. அவர்களை ஏமாற்றி அழைத்துவந்த தரகர்கள்மீதும் குற்றம் உண்டு. குளிரூட்டிய கூடாரத்தின் வாயிலில் சீட்டைப் பார்ப்பதா, நாவறண்டு நிற்கும் மனிதனைப் பார்ப்பதா என்ற கேள்வியை மட்டும் நம் எழுத்தாளர் ஒருவரும் எழுப்பக் காணோம்.

சூரா அல்ஹஜ்ஜின் 25-ஆம் வசனம் அங்கே குடியிருப்பவரும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்கிறது. இதனை முன்வைத்து, மக்காவின் வீடுகளை ஹாஜிகளுக்கு வாடகைக்கு விடலாமா என்றே நம் இமாம்கள் வாதிட்டுள்ளனர். ஹஜ் காலத்தில் வீடுகளுக்குக் கதவு வைக்கக் கூடாது என்று உமர் (ரலி) தடுத்ததாகவும், முதலில் கதவு வைத்த ஸுஹைல் இப்னு அம்ரு, தாம் வணிகர் என்றும் தம் வாகனங்களைக் காக்கவே அதை வைத்ததாகவும் சொல்லி அனுமதி பெற்றதாகவும் தஃப்ஸீர்களில் வருகிறது. இமாம் அபூஹனீஃபா வாடகையை விரும்பவில்லை. இமாம் ஷாஃபிஈ அவ்வீடுகள் உரிமையாளருடையவை, வாடகைக்கு விடலாம் என்றார்கள். கடற்கரை ஊரில் பிறந்த ஷாஃபிஈ நான்; என் இமாமின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் இவ்விஷயத்தில் ஹனஃபிகளின் கிதாபைத் திறக்கும்போது கொஞ்சம் பொறாமை வருவதை மறைப்பானேன்?

நம்மவர் அங்கே எழுப்பிய தங்குமிடங்களும் இக்கணக்கில் வரவேண்டும். ஐதராபாத் நிஜாம், போபால் அரசியர், ஆற்காட்டு நவாப் ஆகியோர் பெயரிலும், தலைச்சேரி கேயி குடும்பத்தின் பெயரிலும் மக்காவில் ரிபாத்துகள் இருந்தன. போபாலுடையது போபால் நாட்டார்க்கே, ஐதராபாத்துடையது ஐதராபாத் நாட்டார்க்கே என்று வக்ஃபு செய்யப்பட்டவை. வறியவர்க்கு உதவிய அறங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கதவில் ஊர்ப்பெயர் எழுதும் பழக்கம் அரபியருடையது மட்டுமன்று.

இனி என் கதைக்கு வருகிறேன். மதரஸாவில் இருபது ஆண்டுகளுக்குமேல் நஹ்வும் ஸர்ஃபும் கற்றுக்கொடுத்த செருக்கோடு ஹஜ்ஜுக்குப் போனவன் நான். மினாவில் வழிதவறி வேறொரு நாட்டாரின் கூடார வாயிலில் நின்றேன். உடன்வந்த முதியவருக்கு மயக்கம். காவலுக்கு நின்ற இளைஞரிடம், இஃராபு பிசகாத அரபியில், சற்றுநேரம் இவரை நிழலில் உட்காரவிடுங்கள் என்று வேண்டினேன். அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே உடைந்த உருதுவில் "ஜாவ், ஜாவ்" என்றார். எனக்கோ உருது அரைகுறை. அரபி தெரிந்தவனுக்கு அரபி மறுக்கப்பட்டு, தெரியாத மொழியில் விரட்டப்பட்டேன். வெளியே வெயிலில் அமர்ந்திருந்த ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று விரிப்பை நகர்த்தி எங்களுக்கு இடம் தந்தது.

ஊர் திரும்பியபின் ஒரு மலருக்காக ஹஜ் கட்டுரை எழுதினேன். இக்கட்டுரைக்காக அதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். காவலர் அதில் இல்லை. விரிப்பை நகர்த்திய குடும்பமும் இல்லை. தவாஃபில் ஆப்பிரிக்க நாட்டார் முரட்டுத்தனமாக இடித்துத் தள்ளினர் என்ற வரி மட்டும் இருக்கிறது. அக்கட்டுரையை மறுபதிப்புக்குக் கேட்டு ஒரு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். திருத்தாமல் கொடுப்பதற்கில்லை என்று பதில் எழுதிவிட்டேன்.