ஒட்டுப்போட்ட வாழ்க்கை

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுமரத்தை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஒட்டு விழுந்த இடம் அடிமரத்தில் யானைக்கால் போலப் புடைத்து நிற்கும். மேலே ஓர் இனம், கீழே ஓர் இனம். பால் மட்டும் தடையில்லாமல் வடியும். கேப்டன் அமெரிக்கா என்ற காமிக்ஸ் நாயகனின் வாழ்க்கையை சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தக் கண் இருந்தால் போதும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கைபட்டு வளர்ந்த கதை அது. எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தடவிப் பார்ப்பதில்தான் ருசி.

நட்டவர்கள் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும். முதல் இதழில் 1941 மார்ச் என்று அச்சிட்டிருந்தாலும் 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் நாயகன் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். சுற்றிலும் நாஜிகள் சுடுகிறார்கள். குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த இரண்டு இளைஞர்கள் நாட்டை முந்திக்கொண்டு குத்திவிட்டார்கள்! கிர்பி பின்னால் சிப்பாயாகவே ஐரோப்பியப் போர்முனைக்குப் போனார்.

கதை எளியது. ஸ்டீவ் ரோஜர்ஸ் நோஞ்சான் என்று படையில் சேர்க்க மறுக்கப்பட்டவன். ஒரு பேராசிரியர் ஊசி போடுகிறார், உடம்பு முறுக்கேறுகிறது. அடுத்த நொடியே ஒற்றன் ஒருவன் பேராசிரியரைச் சுட்டுவிடுகிறான். மருந்தின் சூத்திரமும் அவரோடு போகிறது. அதனால் ஒரே ஒரு கேப்டன்தான்.

கேடயத்தின் கதை இதைவிடச் சுவையானது. முதல் இதழில் அது முக்கோணச் சாயலில் இருந்தது. போட்டிப் பதிப்பகம் ஒன்று, தன் ‘ஷீல்ட்’ நாயகனின் மார்புக் கவசம் போல இருக்கிறதென்று புகார் செய்தது. இரண்டாம் இதழில் கேடயம் வட்டமாகிவிட்டது. வம்பைத் தவிர்க்கச் செய்த மாற்றம் கலைக்கு லாபமாக முடிந்தது. மூன்றாம் இதழுக்குக் குட்டிக்கதை எழுத வந்த ஸ்டான் லீ என்ற பதினெட்டு வயதுப் பையன் அதைத் தூக்கி எறிய வைத்தான். திருமால் கைச் சக்கரம் போல அது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

போர் முடிந்ததும் விற்பனை படுத்தது. 1950இல் இதழ் நின்றது. 1953இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுபவனாக மறுபடி இறக்கினார்கள். எடுபடவில்லை. 1964இல் லீயும் கிர்பியும் போட்டதுதான் பெரிய ஒட்டு: கேப்டன் 1945 முதல் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தானாம். தேவர்களுக்காகப் போரிட்டுக் களைத்துக் குகையில் உறங்கப்போய், கண்விழித்தபோது மனிதர்களே சிறுத்துப் போயிருக்கக் கண்ட முசுகுந்தன் நமக்குப் புதியவன் அல்ல. கேப்டனின் துக்கமும் அதே துக்கம்தான். ஆனால் உறைந்து கிடந்தவன் 1953இல் வந்தது எப்படி? 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் பதில் எழுதினார்: அவன் வேறு ஆள், மனம் பேதலித்த ஒரு போலி. பழைய பதிப்பாளரின் தவற்றையே கதாபாத்திரமாக்கிய சாமர்த்தியம் இது.

எல்லாமே பாராட்டுக்குரியது அல்ல. போர்க்கால இதழ்களில் ஜப்பானியரைக் கோரைப்பல் வைத்து வரைந்தார்கள். ‘ஜப்பான்காரன் காலத்தை’ அனுபவித்த கெடாக்காரருக்கு ஜப்பானியர் மேல் அமெரிக்க ஓவியரைவிட அதிகக் கோபம் இருக்கலாம்; ஆனாலும் அந்தப் படங்கள் மட்டம்தான். 1941 டிசம்பர் 8இல் கோத்தபாருவில் போர் தொடங்கியது. அதே வாரத்தில் கெடாவின் ஜித்ரா விழுந்தது. அந்த வழியே சைக்கிள் மிதித்து வந்த ஜப்பானியர் சாதாரணச் சிப்பாய்கள். பயமே அதில்தான் இருந்தது.

ஜித்ரா தோல்விக்குப் பிறகு அலோர்ஸ்டார் பக்கம் ஜப்பானியரிடம் சரணடைந்தவர்களில் ஒரு கேப்டன் உண்டு: 14ஆம் பஞ்சாப் படைப்பிரிவின் மோகன் சிங். ஜப்பானிய மேஜர் புஜிவாராவோடு பேசி இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டவர் அவர். 1942 டிசம்பரில் அதே ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். எந்தக் காமிக்ஸ்காரரும் துணியாத திருப்பம்.

கேப்டன் அமெரிக்கா கதையில் போட்ட ஒட்டுகளில் ஆகச் சிறந்தது 2003இல் வந்தது. ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’. அந்தக் கதைப்படி, கேப்டனுக்குப் போட்ட மருந்தைக் கறுப்பினச் சிப்பாய்கள் முந்நூறு பேர் உடம்பில் சோதித்திருக்கிறார்கள். தப்பிய ஐசாயா பிராட்லிக்குக் கிடைத்தது சிறை. அமெரிக்காவின் டஸ்கீகீயில் கறுப்பினத்தவர்மேல் 1932 முதல் 1972 வரை உண்மையாகவே நடந்த மேகநோய்ச் சோதனையின் நிழல் கதை முழுக்க விழுகிறது. பேக்கரின் கோடுகள் கேலிச்சித்திரம் போல வளைந்திருக்கும்; சிரிக்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திவிடுவான். கேப்டனின் தசைக்கு விலை கொடுத்தது யார் என்று அந்த ஒரு நூல் கேட்டுவிட்டது.

தோட்டத்து வாசகருக்கு அந்த முந்நூறு பேர் அந்நியர்கள் அல்லர். சயாமிலிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் ரயிலேற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தார்கள்.

மரண ரயில் என்று பெயரெடுத்த அந்தப் பாதையை அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலாக எழுதிவிட்டார். பீடோங்கிலோ லூனாசிலோ தூரிகை பிடிக்கும் இளைஞர் யாராவது அந்தக் காலத்தைக் கட்டம் கட்டமாக வரையட்டும். கேடயம் வேண்டாம். சீவுகத்தியைக் கீழே வைத்துவிட்டு ரயிலேறும் ஒருவரிலிருந்து தொடங்கினால் போதும்.