பயம் எந்தச் சுரத்தில் இருக்கிறது?

பிளாக் சபத் என்ற றொக் குழுவின் முதல் அல்பம் மழைச் சத்தத்தோடு தொடங்குகிறது. தூரத்தில் ஒரு மணி. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்குப் புனித லூசியாள் பேராலய மணி தாலாட்டு மாதிரி. அந்த மணிக்கு நான் பயப்படவில்லை. பிறகு கிற்றார் மூன்றே சுரங்களோடு இறங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து பிரதி மத்திமம். சாத்தானின் இடைவெளி என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கிய பாய்ச்சல் இது. நடுக்கம் அதனால்தான் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஏற்கமாட்டேன். வெள்ளவத்தையில் சங்கீத வகுப்பு நடக்கிற வீட்டு வாசலில் நின்று பாருங்கள், கல்யாணி கேட்கும். அதே பிரதி மத்திமம் அங்கே மங்களமாக நிற்கிறது.

தந்தியைத் தளர்த்தியதால் வந்த கனம் என்பதும் பொருந்தாது. குழுவின் கிற்றார் வாசிப்பாளர் ரோனி அயோமி பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்ததும், பிளாஸ்ரிக்கை உருக்கி உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்ததும் உண்மை. ஆனால் அந்த விரல்களுக்காகச் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கியது 1971இல், மூன்றாவது அல்பத்தில்.

பயம் காலத்தில் இருக்கிறது. ஒரு அடி விழுந்து அடுத்தது விழும்வரை இவர்கள் நம்மைக் காக்க வைக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் பில் வார்டின் மேளம் உருண்டு உருண்டு வருகிறது. மேலே ஒஸி ஒஸ்போர்னின் குரல். இருபது வயதுப் பையன் உண்மையிலேயே எதையோ கண்டு மிரண்ட குரல். றொக் இசை அதுவரை இவ்வளவு மெதுவாக நடந்து இவ்வளவு பாரம் சுமந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1969 ஒக்ரோபர் 16, லண்டனில் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவான அல்பம். மேடையில் வாசித்ததையே வாசித்தார்கள். அந்த அவசரம் 'என்.ஐ.பி.'க்கு உயிர் தந்தது. கீஸர் பட்லரின் பேஸ் கிற்றார் தனியே முணுமுணுத்துவிட்டு மற்றவர்களை இழுத்துக்கொண்டு பாய்வதை இன்றைக்கும் சலிக்காமல் கேட்கிறேன். அதே அவசரம் இரண்டாம் பக்கத்தைக் கெடுத்தது. 'ஈவில் வுமன்' குறோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு, இவர்கள் உடம்பில் இரவல் சட்டையாகத் தொங்குகிறது. 'வோர்னிங்' பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. நடுவில் அயோமி ராகத்தின் எல்லை தெரியாத ஆலாபனைபோல அலைகிறார்.

1970 பெப்ரவரி 13இல் வந்த இந்த அல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடம்வரை ஏறியது. விமர்சகர் பலர் ஏளனம் செய்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பரில் வந்த இவர்களின் அடுத்த அல்பம் 'பரனோயிட்' பாட்டுக்குப் பாட்டு இதைவிடத் திருத்தமானது. 2025 யூலை 5இல் பர்மிங்ஹாமில் நால்வரும் கடைசியாக மேடையேறினார்கள். 17 நாளில் ஒஸி போய்விட்டார். இடையில் இந்தப் பாரம் கடல் கடந்தது. கொழும்பின் ஸ்டிக்மாட்டா குழு 2003இல் தன் முதல் அல்பத்தை வெளியிட்டபோது கனத்த கிற்றார் இங்கேயும் வேர்விட்டிருந்தது.

முதற்பக்கத்தின் நான்கு பாட்டும் முதல்தரம். இரண்டாம் பக்கம் நல்ல மேடைக் குழுவொன்றின் ஒத்திகை. அல்பமாகக் கேட்க 'பரனோயிட்'டை எடுங்கள். அந்தக் கனம் பிறந்த இடத்தைக் கேட்க வேண்டுமானால், இதன் முதல் ஆறு நிமிடம்.