கண் திறக்கும் கணம்

க்ரிஸ் மார்க்கரின் 'லா ஜெதே'யை (1962) விஞ்ஞானக் கதை என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு உட்பட்டே, சுழலும் பிரபஞ்சமொன்றில் இறந்தகாலத்துக்குத் திரும்பும் பாதை உண்டென்று 1949-இல் கோடெல் கணக்கிட்டுக் காட்டினார். போகலாமா என்பது அவர் கேள்வி. போய் எதைத் தொடுவது என்பது மார்க்கருடையது.

28 நிமிடப் படம், அசையாப் புகைப்படங்களாலானது. ஓரிடத்தில் மட்டும் உறங்கும் பெண் கண் திறக்கிறாள், பிம்பம் அசைகிறது. சில விநாடிகள்தான். (இருமினால் தவறவிட்டுவிடலாம்.) நினைவு நமக்குப் புகைப்படமாகவே கிடைக்கிறது, வாழ்ந்த காலம் அந்த இமையசைவில் இருக்கிறது. அதற்காகத்தான் எதிர்காலம் தர முன்வந்த புகலிடத்தை மறுத்து அவன் ஓர்லி விமான நிலையத்துக்குத் திரும்புகிறான். இதை விதி என்று படிப்பது சோம்பல். அவன் கேட்டு வாங்கிக்கொண்டது அது. சிறுவனாக அங்கே பார்த்த சாவு தன்னுடையதென்று விழும்போது அறிகிறான். அப்போது பிம்பம் அசைவதில்லை.