பணிமேசையும் போர்க்களமும்: மாதிரி ரோபோக்கள் மோதும் ஜப்பானிய அனிமேத் தொடர்கள்

ஜப்பானிய அசைபடங்களான அனிமேக்களில் ராட்சத ரோபோக் கதைகள் 1960கள் தொட்டே தனியொரு மரபாக வளர்ந்து வந்துள்ளன. அம்மரபின் ஓரத்தில், சிறுவர் நிகழ்ச்சி என்றும் பொம்மை விளம்பரம் என்றும் ஒதுக்கப்பட்டு, விமர்சகர்களின் கவனத்தை உரிய அளவில் பெறாமலேயே போன ஒரு கிளை உண்டு. இக்கிளையின் கதைகளில் வரும் ரோபோ உள்ளங்கையில் நிற்கும் அளவுடையது. அதை ஒரு சிறுவனோ சிறுமியோ கடையில் வாங்கி, பாகங்களை வெட்டியெடுத்துப் பொருத்தி, வண்ணம் பூசி, இன்னொருவர் அவ்வாறே செய்துவந்த ரோபோவோடு மோதவிடுகிறார். இங்கே உலகம் அழிவதில்லை, பெரும்பாலும் எவரும் இறப்பதுமில்லை. ஆகவே பார்வையாளரின் நெஞ்சு பதறுவதற்கான காரணத்தை இக்கதைகள் வேறெங்காவதுதான் தேடியாக வேண்டும். அந்தக் காரணம் செய்தவரின் உழைப்பில்தான் இருக்கிறது என்பதும், பணிமேசையில் செய்யப்பட்ட வேலை போர்க்களத்தில் எந்த அளவுக்குப் பயன்தருகிறது என்பதே இக்கிளையின் படைப்புகளை எடைபோடச் சரியான அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இக்கிளையின் வேர் 1979 ஏப்ரலில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரில் இருக்கிறது. டொமினோ யொஷியுகி இயக்கி, ஒகவாரா குனியோ இயந்திர வடிவங்களை வரைந்த அத்தொடர், ரோபோவைத் தெய்வப் பிறவி போன்ற நாயகனாகக் காட்டாமல், தொழிற்சாலையில் உற்பத்தியாகி, பழுதாகி, உதிரிபாகம் கிடைக்காமல் தவிக்கும் போர்த் தளவாடமாகக் காட்டியது. 52 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர், அதற்குப் பொருளுதவி செய்த பொம்மை நிறுவனத்தின் விற்பனை எதிர்பார்த்தபடி அமையாததால் 43 அத்தியாயங்களோடு 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மறுஒளிபரப்புகளின் வழியாக அதன் புகழ் பரவிக்கொண்டிருந்த வேளையில், 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் உண்மை அளவில் 144-இல் ஒரு பங்கு உயரமுள்ள கன்டம் மாதிரியை 300 யென் விலையில் வெளியிட்டது. கன்டம், பிளாஸ்டிக், மாடல் என்னும் சொற்களைச் சுருக்கி ஜப்பானியர் ‘கன்ப்ளா’ என்று அழைக்கும் பொருளின் தொடக்கம் அதுவே. அடுத்த ஈராண்டுகளில் அதன் தட்டுப்பாடு எந்த அளவுக்கு முற்றியது என்றால், 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துக் கடையொன்றில் அதை வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் விழுந்து காயமுறும் நிலை ஏற்பட்டது.

கன்ப்ளா எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறியாமல் இத்தொடர்களின் சுவையை முழுதும் உணர இயலாது. உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சினுள் அழுத்திச் செலுத்தும்போது, பாகங்கள் தனித்தனியே வெளிவராமல் ‘ரன்னர்’ எனப்படும் சட்டகம் ஒன்றில் சிறு காம்புகளால் ஒட்டியபடி வெளிவருகின்றன. அவற்றை வெட்டுக்குறடால் நறுக்கி, காம்பு இருந்த தழும்பை உப்புத்தாளால் தேய்த்து மறைத்து, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். தொடக்கக் காலக் கன்ப்ளாக்களைப் பசையிட்டு ஒட்ட வேண்டியிருந்தது. வண்ணத்தையும் வாங்கியவரே பூச வேண்டியிருந்தது. தோளும் இடுப்பும் ஓரளவுக்கே அசைந்தன. இக்குறைகளே ஒரு கலையை வளர்த்தன. மூட்டுகளை அறுத்து மாற்றி, இடைவெளிகளுக்குப் பட்டி பார்த்து, பிளாஸ்டிக் தகட்டிலிருந்து புதிய பாகங்களைச் செதுக்கி, திரையில் தோன்றாத கன்டம்களைக்கூடத் தம் கையாலேயே உருவாக்கும் ஆர்வலர் கூட்டம் ஒன்று எழுந்தது. ‘ஹாபி ஜப்பான்’ இதழ் 1981-இல் வெளியிட்ட கன்டம் செய்முறைச் சிறப்பிதழும், அதற்குப் பங்களித்த ‘ஸ்ட்ரீம் பேஸ்’ என்னும் ஆர்வலர் குழுவும் இவ்வியக்கத்துக்கு முகவரி தந்தன. அக்குழுவைச் சேர்ந்த கவகுச்சி கட்சுமி பின்னர் பண்டாயிலேயே பணியில் சேர்ந்து, கைதேர்ந்தவர் என்று பொருள்படும் ‘மெய்ஜின்’ பட்டத்தோடு ‘மெய்ஜின் கவகுச்சி’ என்று அறியப்பட்டார். இப்பெயர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கதைமாந்தரின் பெயராகவும் திரும்பி வந்தது.

ஆர்வலர்களின் கைவேலையைக் கதையாக்கும் முயற்சி முதலில் அச்சில் நிகழ்ந்தது. 1982-இல் ‘காமிக் போம்போம்’ சிறுவர் இதழில் தொடங்கிய ‘பிளாமோ கியோஷிரோ’ என்னும் படக்கதையில், சிறுவர்கள் தாம் செய்த கன்ப்ளாக்களை ஒரு பாவனைப் பொறியினுள் வைத்து மோதவிட்டனர். அதன் நாயகன் தன் கன்டம் மீது கூடுதல் கவசம் பூட்டி உருவாக்கிய ‘பெர்ஃபெக்ட் கன்டம்’ வாசகர்களைக் கவர்ந்து, 1984-இல் உண்மையான கன்ப்ளாவாகவே கடைக்கு வந்தது. கதைக்குள் ஒரு சிறுவன் செய்ததாகக் கற்பனை செய்யப்பட்ட பொருளை வெளியே இருக்கும் சிறுவர் வாங்கித் தம் கையால் செய்து பார்த்த இந்தச் சுழற்சியே, பின்னாளில் இக்கிளை முழுவதற்கும் இலக்கணமாயிற்று. அதே காலத்துப் ‘பிளாரெஸ் சன்ஷிரோ’ படக்கதையாகத் தோன்றி 1983-இல் அனிமேயானது. அதில் சிறு ரோபோக்கள் கணினியின் கட்டளைப்படி மல்யுத்தம் புரிந்தன. வீட்டுக் கணினி ஜப்பானிய இல்லங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த, மல்யுத்த மேடை தொலைக்காட்சியில் கோலோச்சிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டையும் ஒரே களத்தில் இணைத்த துணிச்சலுக்காகவே சன்ஷிரோ இன்றும் நினைக்கத் தக்கது.

இதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இக்கிளை பல திசைகளில் பிரிந்தது. தோற்றவர் ஒரு பாகத்தை வென்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியால் ‘மெடாபாட்ஸ்’ தொடர் விறுவிறுப்பைப் பெற்றதேயன்றி, செய்யும் கையைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. கிளாம்ப் என்னும் பெண் ஓவியர் குழுவின் படக்கதையிலிருந்து 2001-இல் போன்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ஏஞ்சலிக் லேயர்’ தொடரில் மோதுபவை மாதிரி ரோபோக்கள் அல்ல, எண்ணத்தால் இயங்கும் பாவைகள். எனினும் தன் பாவைக்கு வடிவமும் ஆடையும் தானே அமைக்கும் சிறுமி மிசாகிக்கும் அப்பாவைக்கும் இடையிலான பிணைப்பை அது சித்திரித்த மென்மையால் இவ்வரிசையில் அதற்கும் இடமுண்டு.

2011-இல் லெவல்-5 நிறுவனத்தின் விளையாட்டோடு சேர்ந்து வந்த ‘டன்போல் சென்கி’ சற்று விரிவாகக் கவனிக்கத் தக்கது. 2050-ஆம் ஆண்டளவில் நிகழும் அக்கதையில், எல்பிஎக்ஸ் எனப்படும் சிறு ரோபோக்கள் சிறுவருக்கு ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு வலிமை பெற்றதால் ஒருமுறை விற்பனையிலிருந்து விலக்கப்படுகின்றன. பின்னர், எத்தகைய அதிர்வையும் தாங்கவல்ல அட்டைப் பெட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட, அதன் உட்புறமே போர்க்களமாகிறது. ஒரு பெட்டிக்குள் பாலைவனமும் நகரமும் கோட்டையும் அடங்கிவிடும் இக்கற்பனை மிக அழகானது. எல்பிஎக்ஸின் எலும்புக்கூடு போன்ற உட்சட்டத்தில் மோட்டார், மின்கலம், கட்டுப்பாட்டுச் சில்லு ஆகியவற்றை எடைக்கும் திறனுக்கும் ஏற்பத் தெரிந்தெடுத்துப் பொருத்தும் காட்சிகளும் சிறப்பானவை. ஆனால் கதை விரைவிலேயே உலகளாவிய சதி ஒன்றினுள் நுழைந்துவிடுவதால், மேசையில் குனிந்திருக்கும் சிறுவன் பான் மெல்ல மெல்ல உலகைக் காக்கும் வீரனாக மாறிவிடுகிறான். எந்த மரபிலிருந்து இக்கிளை விலகி வளர்ந்ததோ அம்மரபுக்கே அத்தொடர் திரும்பிவிட்டது எனலாம்.

மேற்கூறிய அளவுகோலின்படி இக்கிளையின் தலைசிறந்த படைப்பு, 2013 அக்டோபர் முதல் 2014 மார்ச் வரை 25 அத்தியாயங்களாக ஒளிபரப்பான ‘கன்டம் பில்ட் ஃபைட்டர்ஸ்’ தொடரே. சன்ரைஸ் நிறுவனம் தயாரிக்க, நாகசாகி கென்ஜி இயக்கி, குரோதா யோசுகே திரைக்கதை அமைத்த இத்தொடரின் உலகில், ‘பிளாவ்ஸ்கி துகள்கள்’ எனப்படும் ஒரு மர்மப் பொருள் பிளாஸ்டிக்கோடு வினைபுரிந்து கன்ப்ளாக்களை இயங்கச் செய்கிறது. மாடல் கடை ஒன்றை நடத்தும் குடும்பத்தில் பிறந்த இயோரி செய், தன் வயதுக்கு மீறிய திறமையோடு கன்ப்ளா செய்பவன்; ஆனால் களத்தில் அதை இயக்கத் தெரியாமல் தொடர்ந்து தோற்பவன். எங்கிருந்தோ வந்த ரெய்ஜி என்னும் சிறுவனோ கன்ப்ளா என்றால் என்னவென்றே அறியாதவன், ஆனால் இயக்குவதில் பிறவி மேதை. செய்பவனையும் மோதுபவனையும் இருவராகப் பிரித்ததுதான் இத்தொடரின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. வழக்கமான ரோபோக் கதையில் விமானியே நாயகன், பொறியாளர் பின்னணியில் நிற்பவர். இங்கே பொறியாளன் விமானியின் தோளோடு தோள் நின்று, தான் எந்த மூட்டை எவ்வளவு வலுப்படுத்தியிருக்கிறான், எந்த ஆயுதத்தை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று களத்திலேயே சொல்கிறான். எதிராளியின் கன்ப்ளாவைக் கண்டதும் செய்யின் கண்கள் முதலில் தேடுவது அதன் பலவீனத்தை அல்ல, அதன் வேலைப்பாட்டை. எதிரியை வியந்து பாராட்டுவதும் போரின் ஒரு பகுதியே என்பதை இவ்வளவு இயல்பாகச் சொன்ன வேறொரு தொடரைக் காட்டுவது கடினம்.

இத்தொடரில் வெற்றிகள் பெரும்பாலும் மேசையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. செய்யின் தோழி சினா உருவாக்கும் கரடி வடிவக் கன்ப்ளாவான ‘பேர்கை-3’ இதற்கு இனிய சான்று. அழகுக்காகவே செய்யப்பட்டதுபோல் தோன்றும் அக்கரடி, வாள் வீரனைப் போன்ற எதிராளியின் குத்துகளைத் தாங்கி நின்றதற்குக் காரணம், அதன் உள்ளே பஞ்சு அடைக்கப்பட்டிருந்ததே. பொம்மை செய்யும் ஒருத்தியின் மனம் போர்க் கருவியின் தர்க்கத்தை வெல்லும் இக்காட்சியில் வேடிக்கை இருப்பினும், தொடரின் கொள்கை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. செய்யின் ‘ஸ்டார் பில்ட் ஸ்ட்ரைக்’ எதிராளியின் பீரங்கிக் கதிரையே உறிஞ்சித் தன் ஆற்றலாக்கிக்கொள்வதும் திடீர் அற்புதமன்று. துகள்களின் இயல்பை ஆராய்ந்து, அதற்கேற்பக் கேடயத்தை வடிவமைத்த முன்னேற்பாட்டின் பயன் அது.

இன்னொரு முக்கிய விதி, களத்தில் முறிந்த கை மேசையிலும் முறிந்ததாகவே கிடக்கும் என்பது. உயிரிழப்பு இல்லாத கதைக்கு இழப்பின் கனத்தைத் தருவது இவ்விதியே. இத்தாலிய வீரர் ரிக்கார்டோ ஃபெல்லினி, சிறு வயது முதல் தன்னோடு வரும் ‘விங் கன்டம் ஃபெனிச்சே’யைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு வைத்திருப்பவர். கன்ப்ளாப் போட்டியில் அடுத்த சுற்றுக்கான தகுதியை ஏற்கெனவே பெற்றுவிட்ட நிலையில், விட்டுக்கொடுத்து அதைப் பாதுகாத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும், சிறுவர் இருவரோடும் அவர் முழு வலிமையுடன் மோதுகிறார். நேசிக்கும் பொருளை உடையாமல் காப்பதா, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காக அதை இழக்கத் துணிவதா என்ற கேள்வியை அந்த அத்தியாயம் எழுப்பும்போது, சிறுவர் தொடர் என்ற எல்லையைத் தாண்டி ஒவ்வொரு கைவினைஞரின் மனத்துக்கும் அது நெருங்கி வருகிறது. பிற்பகுதியில் ரெய்ஜி தன் கையாலேயே ‘பிகினிங் கன்டம்’ ஒன்றைச் செய்யும் இடமும் அத்தகையதே; அதுவரை இயக்க மட்டுமே அறிந்திருந்தவன், நண்பனின் இரவுகள் எத்தகையவை என்பதை அப்போதுதான் விரல்களால் உணர்கிறான்.

யூகி தத்சுயா என்னும் மாந்தரின் வழியாகத் தொடர் தன் மரபுக்கும் கடன் தீர்க்கிறது. செய் பயிலும் பள்ளியின் மாணவர் தலைவனான அவன் மூன்றாம் மெய்ஜின் கவகுச்சியாகப் பட்டமேற்கும்போது, ஆர்வலராக இருந்து தொழிலுக்குள் வந்த ஒருவரின் பெயர் கதைக்குள் ஒரு பரம்பரைப் பட்டமாகிறது. 1979 தொடரின் எதிரணித் தளபதி ரம்பா ரலைப் போன்ற தோற்றமுடைய ‘ரல்’ என்னும் நடுவயதுக்காரர் மாடல் கடையில் எப்போதும் அமர்ந்திருப்பதும் அவ்வாறே. தந்தையர் தலைமுறை கண்ட வீரன், பிள்ளைகளுக்கு உப்புத்தாளின் பயனைச் சொல்லும் பெரியவராகிவிட்டார்.

இவை யாவும் கன்ப்ளா விற்பதற்கான விளம்பரங்களே என்ற குற்றச்சாட்டு மறுக்கத் தக்கதன்று. சன்ரைஸ் 1994 முதல் பண்டாய்க் குழுமத்தைச் சேர்ந்தது. தொடரில் தோன்றிய கன்ப்ளாக்கள் உடனுக்குடன் கடைக்கு வந்தன. ஆனால் பொருளை வாங்கினால் போதும் என்று சொல்லும் விளம்பரத்துக்கும், வாங்கிய பொருளை அப்படியே விடாதே, அறுத்துப் பார், மாற்றிப் பார் என்று சொல்லும் படைப்புக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பில்ட் ஃபைட்டர்ஸ் உலகில் கையேட்டின்படி மட்டும் செய்யப்பட்ட கன்ப்ளா அரிதாகவே வெல்கிறது. பிளாஸ்டிக்கின் தடிமனும் பூச்சின் தரமும் மூட்டின் இறுக்கமும் தெரிந்தவர்களே இதை எழுதியிருக்கின்றனர் என்பது காட்சிக்குக் காட்சி புலப்படுகிறது.

பின்வந்த தொடர்கள் இந்த உயரத்தை எட்டவில்லை. 2014-இல் வந்த ‘பில்ட் ஃபைட்டர்ஸ் டிரை’யில் மூவர் அணிகளின் போட்டி விறுவிறுப்பாக இருப்பினும், நாயகன் செகாய் ஒரு தற்காப்புக் கலைஞன், அவன் இயக்கும் ‘பில்ட் பர்னிங்’ பல ஆண்டுகளுக்கு முன் செய் உருவாக்கியது. செய்தவன் கதையில் இல்லாததால் மேசை பின்னுக்குச் சென்றுவிட்டது. 2018-இன் ‘பில்ட் டைவர்ஸ்’ போர்க்களத்தை இணைய விளையாட்டு உலகுக்கு மாற்றியபோது, மோதலில் சிதைந்த கன்ப்ளா மேசையில் சேதமின்றி நின்றது. இழப்பின் கனம் அங்கேயே கரைந்துவிட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து. இக்குறையை உணர்ந்தாற்போல, 2019-இல் தொடங்கிய ‘ரீ:ரைஸ்’, விளையாட்டின் பகுதி என்று நாயகர்கள் எண்ணியிருந்த எல்தோரா உண்மையான மக்கள் வாழும் உலகம் என்று வெளிப்படுத்தி, இழப்புக்கு மீண்டும் பொருள் தேடியது. அதன் நாயகன் ஹிரோட்டோவின் ‘கோர் கன்டம்’, கோள்களின் பெயர்களைத் தழுவிய கவசங்களைத் தேவைக்கேற்ப மாற்றி அணிகிறது. முன்யோசனையோடு ஒவ்வொரு கவசத்தையும் செய்துவைத்த ஓர் இளைஞனின் தனிமையும் துயரும் அவ்வடிவமைப்பிலேயே படிந்திருக்கின்றன. அளவுகோலின்படி பில்ட் ஃபைட்டர்ஸுக்கு அடுத்த இடம் ரீ:ரைஸுக்கே உரியது. மனித மனத்தின் ஆழத்தை மட்டும் கணக்கில் கொண்டால், சில அத்தியாயங்களில் அது முன்னதையும் விஞ்சுகிறது.